அஞ்சாள் துரை ரயில் ஏறாத விவரம்

கோலார் கோல்டு பீல்டு, மரக்கிடங்கு.
விகாரி வருஷம் சித்திரை மாதம், வியாழக்கிழமை பகல்.

குடியாத்தம் ஸ்டேஷனில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டையும் ஆண்டுவருகிற மகாராஜராஜஸ்ரீ மாமா முனிரத்தினம் அவர்கள் சமுகத்துக்கு, அக்காள் மகன் சம்பங்கி தண்டனிட்டு எழுதிக்கொண்டது. தண்டன் நான் இட்டது, தண்டனை அப்பா இடப்போவது. இவ்விடம் அம்மா சுகம், அப்பா சுகம், எருமை சுகம், கன்றுக்குட்டிக்கு மட்டும் லேசாய் வயிற்றுப்போக்கு. என் சுகம் வருகிற செவ்வாய்க்கிழமை வரை தாங்கினால் உண்டு. அன்றைக்கு மத்தியானம் வண்டியில் நான் குடியாத்தம் வருகிறேன். அத்தையிடம் ஒரு பாய் போடச் சொல்லவும். எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்கவேண்டாம், அப்பாவுடைய கோபம் எத்தனை நாளோ அத்தனை நாள். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க அடுக்கி வைத்திருக்கிற மரக்கட்டைகளுக்கு நடுவில், முழங்கால் மேல் காகிதம் வைத்து எழுதுகிறேன். வெளியே என்னைத் தேடுகிறார்கள்.

நடந்ததைச் சொன்னால் நீங்களே அதிர்ந்துபோய்க் கொடியை மாற்றிக் காட்டிவிடுவீர்கள், அதனால் டியூட்டி முடிந்து வீட்டில் உட்கார்ந்து படிக்கவும்.

எங்கள் சுரங்கக் கூலிக்காரர் லைனுக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலிக்காரர் இருக்கிறார். அன்செல்மோ என்று பேர். போன வருஷம் பாறை துளைக்கிற மிஷினுக்காகக் கப்பலில் வந்திறங்கின கூட்டத்தில் ஒருத்தர். வயசு ஐம்பத்திரண்டு. வயிறு அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும், பின்னால் அவர் சாவகாசமாய் வருவார். ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், ஆளை இறக்குகிற கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் "இன்னும் அஞ்சாள் ஏறலாம்" என்று மணியடிக்கிறவன் சொன்னால் இவர் ஒருத்தர் ஏறுவார், அவன் கதவைச் சாத்திவிடுவான். அதிலிருந்து அன்செல்மோ துரை, அஞ்சாள் துரை ஆகிவிட்டார். அவர் துளைக்கிற இடத்தில் மேலே இருந்து பாறை விழாமல் மரம் நிறுத்துகிறது அப்பா வேலை. முதல் நாளே இந்த மனுஷன் கீழே வேலை ஓயும் நேரத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்திருக்கிறார். அது பாட்டு என்று யாருக்குத் தெரியும்? அத்தனை அடியில் பாறை வெடிக்கிறதுக்கு முன்னால் முனகும், தெரியுமில்லையா, அந்த முனகல் என்று நினைத்து அப்பா "பாறை பேசுதுடா, ஓடுங்கடா!" என்று கத்த, நாற்பது பேர் கேஜுக்கு ஓடி, ஓடுகிறவர்களோடு அஞ்சாள் துரையும் ஓடி, மேலே வந்து மூச்சு வாங்கினபிறகுதான் ஓடினதற்குக் காரணமே தாம் என்று அவருக்குத் தெரிந்ததாம்.

அந்த அடிக்குரலுக்கு அவர் ஊரில் "பாஸ்" என்று பேர். நான் மூணு வருஷமாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் கேட்க ஏங்குகிற வார்த்தை. அவர் தொழிலே பாட்டுத்தான் மாமா. ஆப்பெரா என்று அவர்கள் ஊர்க் கூத்து. அதில் வசனமே கிடையாது. "காப்பி ஆறிப்போச்சு" என்பதைக்கூடப் பாடித்தான் சொல்லவேண்டும், கேட்கிறவன் "அப்படியா, சூடு பண்ணு" என்று பதில் பாடுவான், அதற்குள் அது இன்னும் ஆறிவிடும். எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்று லைன்காரர்கள் கடுதாசி எழுத என்னிடம் வருவார்கள் அல்லவா, அப்படித்தான் அஞ்சாள் துரையும் வந்தார். ஊர் ஊராய்ச் சுற்றுகிற ஆப்பெரா கம்பெனிகளுக்கு வேலை கேட்டுக் கடுதாசி எழுதவேண்டும் என்றார். பேச்செல்லாம் கீழே ஆட்களிடம் பிடித்துக்கொண்ட தமிழ்தான்; அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம், அதில் எனக்கு ஒரு பெருமை.

கடுதாசிக்காக அவர் சொன்ன கதையைக் கேட்டு நான் வாயைப் பிளந்தது இன்னும் முழுசாய் மூடவில்லை. அப்பா பீப்பாய் செய்கிறவராம், இவர் கோயிலில் பாடிக்கொண்டிருந்தாராம். இருபது வயசில் ராஜா வேஷம் கொடுத்து மேடையேற்றினார்களாம். கம்பீரமாய் வந்து, சிம்மாசனத்தில் உட்கார்ந்து, "என் ராஜ்யம் அசையாது" என்று ஆரம்பித்தாராம், சிம்மாசனம் ரெண்டாய்ப் பிளந்து கால் ரெண்டும் மேலே போய்விட்டதாம். ஜனங்கள் கால்மணி நேரம் சிரித்தார்களாம். மேனேஜர் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "நாளையிலிருந்து நீ கோமாளி" என்றாராம். அவ்வளவுதான், முப்பத்தொரு வருஷம்! "சம்பங்கி, எங்க கூத்துல மேல் குரல்காரனுக்குப் பொண்ணு, கீழ்க் குரல்காரனுக்கு அடி" என்றார். கிழட்டுக் கஞ்சன், முட்டாள் வைத்தியன், ஏமாந்த மாஜிஸ்திரேட் எல்லாம் இவர்தான். சின்னப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பார்த்து அறுநூறு தடவை மூக்கறுபட்டிருக்கிறார். துணிப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறார், பொய்க் கடுதாசியை நம்பி ஊர்விட்டு ஊர் ஓடியிருக்கிறார், புடவை மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாய்க் குதித்திருக்கிறார். ஒரு ஊரில் ஒரே பாட்டை மூணு தடவை திரும்பப் பாடச் சொல்லி, ஒரு சீமாட்டி ஒரு முழுப் பன்றித் தொடை அனுப்பி வைத்தாளாம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிற்று. மரியாதைக்காகவா, தொடைக்காகவா, தெரியவில்லை. அப்புறம் வயசாயிற்று, வேகம் குறைந்தது, தக்காளி பறந்தது. "கடைசி வருஷங்கள்ல நிறைய ஊர்ல ஜனங்க என்னை ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க. பாசத்துல இல்ல. நான் வண்டி ஏறிட்டேனான்னு கண்ணால பாத்துக்கறதுக்கு." மால்டா தீவில் கம்பெனி கலைந்துபோக, கூட இருந்த மச்சான் சுரங்க வேலைக்குக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இவரும் போட்டாராம். பாறையைப் பார்த்ததே இங்கே வந்துதானாம்!

பதினொரு கடுதாசி எழுதினேன் மாமா. பதினொரு கம்பெனி. ஒரு பதில் இல்லை. சனிக்கிழமை தோறும் நான் தபாலாபீசிலிருந்து வருகிற வழியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு?" என்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். "நல்லது, நல்லது. அடுத்த வாரம்" என்பார். கூத்துக்காரர் அல்லவா, ஒவ்வொரு தடவையும் புதுசாய்ச் சொல்வார்.

இதற்கிடையில் லைனில் திரௌபதியம்மன் திருவிழா நெருங்கிற்று. பத்து நாள் பாரதக் கூத்து. கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற வாசு அண்ணன், மரவண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கோமாளி இல்லாமல் கூத்தா என்று கூத்து வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் சும்மா இருக்கமாட்டாமல், "அஞ்சாள் துரையைக் கூப்பிடுங்களேன், அவருக்கு இதுதான் தொழில்" என்றேன். சத்தியமாய்க் கிண்டலுக்குத்தான் சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். ஆனால் பக்கத்தில் இட்லி விற்கிற பார்வதம்மா, "ஏன், வெள்ளைக்காரன்னா சிரிப்பு வராதா? அந்த வயித்தைப் பாத்தாலே எனக்கு வருதே!" என்று சொல்லிவிட்டாள். பார்வதம்மா சொன்னால் லைனில் மறுபேச்சுக் கிடையாது, மறுநாள் இட்லியும் கிடையாது.

வந்தார். கட்டியங்காரன் கௌரவர் நூறுபேர் பேரையும் மளமளவென்று சொல்லி ராஜாவைக் கூப்பிடுகிற கட்டம் ஒன்று உண்டே, வாசு அண்ணன் நாலு இடத்தில் மூச்சு வாங்கி, பத்துப் பேரை முழுங்கி ஒப்பேற்றுவாரே, அதை நான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எட்டு நாள் மனப்பாடம் செய்தார். ஒன்பதாம் நாள் வாத்தியார் எதிரில் வந்து நின்று, வயிற்றில் காற்றை ரொப்பிக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள் மாமா, நூறு பேரும் ஒரே மூச்சு! ஒரு கௌரவன் விடுபடவில்லை! ஓட்டமாய் ஓடுகிற ரயில் மாதிரி, ஆனால் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாய்க் கண்ணுக்குத் தெரிகிறது. மத்தளக்காரன் வாசிப்பதை விட்டுவிட்டான். வாத்தியார் எழுந்திருந்தவர் உட்கார்ந்துவிட்டார். "இன்னா மனுஷன்டா இவன்" என்று மட்டும் சொன்னார். இந்த மாதிரி வேகப்பாட்டுத்தானாம் அவருடைய முப்பத்தொரு வருஷப் பிழைப்பு. இப்படி ஒரு தொழிலை வைத்துக்கொண்டு இந்த ஆள் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தாரா!

சரியாய் அந்தச் சனிக்கிழமை ஒரு கடுதாசி வந்தது. பெங்களூர்க் கண்டோன்மென்ட்டில் ஒரு ஆப்பெரா கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது, அவர்களுடைய பாஸ் பாடகருக்கு மஞ்சள்காமாலை, புதன்கிழமை வண்டியிலேயே புறப்பட்டு வரவும் என்று. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மூணாவது தடவை படித்தார். அப்புறம் என்னைத் தூக்கிச் சுற்றினார் மாமா, பள்ளத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. உடனே போய், சுரங்கத்தை மேய்க்கிற கேப்டன் துரையிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப்போகிறேன் என்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடியேற்றம். பூசாரி, வேஷம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் கையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே அந்தக் கூட்டத்தில் நான் செய்ததை ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள், கை அரித்தது என்று வைத்துக்கொள்ளவும். ஒரு நூலில் மஞ்சளைத் தடவி, ஒரு மஞ்சள் கிழங்கையும் வைத்து, அஞ்சாள் துரை கையில் நானே கட்டிவிட்டேன். "இது இன்னா சம்பங்கி?" என்றார். "இது எங்க ஊர் கான்ட்ராக்ட்டு. கூத்து முடியிற வரைக்கும் கறி கூடாது, சாராயம் கூடாது" என்றேன். "எங்க ஊர்ல இதைவிட மோசமா எழுதுவான்" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஊர் எல்லை தாண்டக்கூடாது என்கிற விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியதில்லை, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூணு நாள் அந்த மனுஷன் பார்வதம்மா கொடுத்த களியும் கீரையும்தான் தின்றார். அவர் வீட்டு உத்தரத்தில் தொங்கின கறியைக் கழற்றி மச்சானிடம் கொடுத்துவிட்டார். மச்சான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டான்.

நேற்று புதன்கிழமை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழைய கூத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அஞ்சாள் துரை மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். பாதி வழியிலேயே சேதி போய்விட்டது. நான் போய்ச் சேருகிறபோது பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. காப்புக் கட்டினவர் எல்லை தாண்டப்போகிறார்! தை மாசம் பாறை வெடித்து எங்கள் லைனில் மூணு வீட்டில் ஆள் போனது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் இன்னும் யார் முகத்திலும் காயவில்லை. அம்மனுக்குக் கட்டின கையோடு இவர் எல்லை தாண்டினால், அடுத்த முனகல் நிஜ முனகலாய் இருக்கும் என்று, பகல் ஷிப்டுக்குப் போகவேண்டிய அத்தனை பேரும் ஷாஃப்டை விட்டு ஸ்டேஷனில் நிற்கிறார்கள்.

"துரை, எங்க போறீங்க?" என்றாள் பார்வதம்மா.

"பெங்களூர். பாட்டு."

"கையில இன்னா கீது?"

"கான்ட்ராக்ட்டு."

"அதை அவுக்கற வரைக்கும் போகக்கூடாது சாமி. எங்க ஊட்டு ஆம்பளைங்க ஆயிரம் அடி கீழ போறவங்க. உங்க ஒரு ஆள் பாட்டுக்காக அவங்களை விட்டுட முடியாது." சொல்லிவிட்டு, கார்டு விசில் ஊதுகிறதைப் பார்த்ததும் விடுவிடுவென்று போய், இட்லிப் பானையை எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்து மேலேயே வைத்துவிட்டாள். "வண்டி போறதா இருந்தா இது மேல ஏறிப் போகட்டும்!" டிரைவர் இறங்கிவந்து பானையைப் பார்த்தார். இட்லி சூடாக இருந்தது. அவர் நாலு தின்றார். வண்டி நின்றது.

அதற்குள் கேப்டன் துரை குதிரையில் வந்துவிட்டார். "ஒரு மஞ்சள் நூலுக்காக என் ஷாஃப்ட் நிற்கிறதா?" என்று சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. அஞ்சாள் துரை பெட்டி மேல் உட்கார்ந்து, கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. மாமா, எனக்குக் குறும்பு புதிசில்லை. பள்ளிக்கூட வாத்தியார் நாற்காலியில் பிசின் தடவியிருக்கிறேன், பூதிகோட்டைச் சந்தையில் கழுதைக்குச் சொக்காய் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் நானாய் ஒப்புக்கொண்டதில்லை. நேற்று ஒப்புக்கொண்டேன். அவர் பக்கத்தில் பெட்டி மேல் ஏறி நின்று, "அந்தக் காப்பு பூசாரி கட்டினது இல்ல! நான் கட்டினது! விளையாட்டுக்கு! அம்மனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அவரை விட்டுடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து நிதானமாய் இடுப்பில் கட்டினார். எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி அஞ்சாள் துரை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு நாளா கறி தின்னாரா?" என்றார். "இல்ல" என்றாள் பார்வதம்மா. "குடிச்சாரா?" "இல்ல." "அப்ப முடிஞ்சிபோச்சி. கட்டினது யாருன்னு அம்மா கேக்கமாட்டா. கட்டிக்கினவன் சுத்தமா கீறானான்னுதான் கேப்பா. இது காப்புத்தான்."

என் சாட்சியமே என் கட்சியைக் கவிழ்த்துவிட்டது! அவரை விடுவிக்கப் போய், இறுக்கிக் கட்டிவிட்டேன். வண்டி அவர் இல்லாமல் போயிற்று. கூட்டம் அவரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு லைனுக்குத் திரும்பிற்று, அஞ்சாள் கனத்துக்கு எட்டாள் தூக்கினார்கள். அப்பா மட்டும் எதிர்ப்பக்கம், என்னைப் பார்த்து நடந்தார். நான் ஓடினவன், இந்த மரக்கிடங்கில்தான் நின்றேன். நேற்றிலிருந்து அம்மா ரகசியமாய்க் கொடுத்தனுப்புகிற களிதான் ஆகாரம். முப்பத்தொரு வருஷக் கூத்துக்காரருக்குக் கிடைத்த ஒரே ஒரு பதிலை ஒரு முழ நூலால் கெடுத்தவன் என்று லைனே பேசுகிறது. நாளைக்குக் கூத்து ஆரம்பம். அவர் எந்த வாயால் சிரிப்புக் காட்டுவார்? அதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை வண்டியில் அடைக்கலம் புக வருகிறேன், கைவிடவேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், நான் கொடுப்பதை யாரும் வாங்காவிட்டால் அம்மன் கொடுப்பது. உங்கள் கொடி ரெண்டும் என்றைக்கும் மாறிப்போகாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

மருமகன்,
சம்பங்கி.

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதினதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போய்விட்டது. பெங்களூரில் அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. அந்தக் கடுதாசியை எழுதினது நான். சனிக்கிழமை தோறும் "இன்னிக்கு?" என்று அவர் கேட்கிறதைத் தாங்க முடியாமல் எழுதினேன். அவர் நிஜமாகவே மூட்டை கட்டுவார், வேலையை விடுவார் என்று நினைக்கவில்லை. பெங்களூரில் இறங்கித் தனியாய் நின்று ஏமாறப்போகிறாரே என்று பயந்துதான் காப்பைக் கட்டினேன். ஸ்டேஷனில் அதையும் சொல்ல வாய் திறந்தேன், பாதிதான் வந்தது.

நேற்றுக் கூத்துக்கு நான் கட்டை இடுக்கிலிருந்து இறங்கிப்போய் ஓரமாய் நின்றேன். அஞ்சாள் துரை மூஞ்சியில் மாவும் தலையில் கோமாளிக் குல்லாயுமாய் வந்தார். நூறு கௌரவரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கடுதாசி! "பெங்களூர் மகாராஜா எனக்கு எழுதிகினாரு!" என்று அதை வரி வரியாய்ப் படித்தார். மஞ்சள்காமாலை வந்த பாஸ் பாடகரை நடித்தார், கண்டோன்மென்ட்டை நடித்தார், கடுதாசி எழுதுகிற பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவதை நடித்தார். மூவாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் துரைகூடச் சிரித்தார். நான் ஒருத்தன்தான் கல்லாய் நின்றேன்.

விடிந்ததும் பார்வதம்மா கடையில் இட்லி தின்றுகொண்டிருந்த அஞ்சாள் துரையிடம் போய், "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "முதல் வரியில. நானூறு தடவை மேடையில பொய்க் கடுதாசி படிச்சவன் சம்பங்கி நான். அதோட, என் பதினொரு கடுதாசியும் இதே கையெழுத்து." "எல்லை தாண்டக்கூடாதுன்னு?" "கட்டின மறுநாளே உங்கப்பா சுரங்கத்துக்குள்ள சொன்னாரு." கேப்டனிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லவே இல்லையாம். அப்புறம் எதற்குப் பெட்டியைக் கட்டினீர்கள் என்றேன். கையிலிருந்த இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "முப்பத்தொரு வருஷத்துல எல்லா ஊரும் என்னை வண்டி ஏத்தி விட்டுது. வண்டி ஏறாதேன்னு ஒரு ஊரு சொல்லி நான் கேட்டதில்ல. கேக்கணும்னு ஆசை." அப்ப அந்தக் கண்ணீர் என்றேன். "தொழில்" என்றார். பிறகு, "பானையை வெச்சாங்களே, அது வரைக்கும்தான் தொழில்" என்றார்.

ஆகையால் மாமா, செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். பாயைச் சுருட்டி வைக்கவும். பாக்கி ஒன்பது நாள் கூத்திலும், கிழவன் துரத்துகிற சின்னப் பெண் வேஷம் எனக்குத்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தாம் ஆடமாட்டேன் என்று அஞ்சாள் துரை வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். பார்வதம்மாவின் சேலை வந்துவிட்டது. இந்தத் தடவை காப்பைப் பூசாரியே கட்டினார், அப்பா என் கையைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டார், முடிச்சு மூணு. எல்லை தாண்ட வழியில்லை. நீங்கள் வந்து பார்ப்பதானால் வாருங்கள், ஆனால் கருவாடு கொண்டுவந்து என் எதிரில் பிரிக்கவேண்டாம்.